கார்டில் எழுதிய ஐந்து நிமிஷம்

போன மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இரண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்தில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதுதான் காரணம். இருபத்து நான்கு வருஷம் அடுத்தவர் முதுகைத் தேய்த்த கைகள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடைசி வாரத்தில் ராணி எனக்கு ஒரு வேலை வைத்தாள். ராணி ஒன்பது வருஷமாக என்னோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய் கொஞ்சம் நீளம். “லூர்தக்கா, பாடி ஸ்க்ரப் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. லேமினேஷன் போட்டு ரூம்ல மாட்டிக்கிறோம். நாலு வரி போதும்” என்றாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நான் சேர்ந்தபோது ‘பெண்கள் அழகு நிலையம்’ என்று ஒரு தகரப் பலகை. இப்போது கண்ணாடிக் கதவு, அதில் ‘ஸ்பா’ என்ற எழுத்து, உள்ளே நுழைந்தால் எலுமிச்சைப் புல் வாசனை. கடையைத் தொடங்கிய நசீமா மேடம் முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். அவர் மருமகள்தான் நடத்துகிறார். நல்ல பெண், கெட்டிக்காரியும்கூட. ஆனால் சமீபத்தில் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். கல்யாணப் பெண்ணுக்கு முடி எடுக்கிற வேக்ஸிங், தோலைத் தேய்க்கிற ஸ்க்ரப், பளபளப்பாக்குகிற பாலிஷ் மூன்றையும் ஒரே நாளில் முடித்து அனுப்புவது. அதுவும் கல்யாணத்துக்கு முதல் நாள். கடை போர்டில் அதை இரண்டு தடவை படித்தேன்.

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். கோமதியைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வரிகூட நகரவில்லை. கோமதிக்கு வருவதற்கு முன்னால் நசீமா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் சித்தையன்கோட்டைக்குப் பக்கம். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்து, ஒரு பிள்ளை பிறந்த பிறகு, மதுரைக்குப் போய் வந்து ஆறு மாதம் அழகுக்கலை படித்தேன். புருவம் திருத்தவும் முடி வெட்டவும் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பு ஸ்க்ரப் பற்றி அரை நாள் பாடம். அதிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

மேடம் சான்றிதழைப் பார்க்கவில்லை. என் வலது கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார். “வெட்டிட்டு வா புள்ள, அப்புறம் பேசுவோம்” என்றார். அதுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

அவருடைய அப்பா, அவர் பேச்சில் அத்தா, ஒரு தோல்ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். பதனிட வந்த ஆட்டுத் தோலைத் தொட்டுப் பார்த்தே, எது செருப்புக்கு ஆகும், எது பைக்கு ஆகும் என்று சொல்லிவிடுவாராம். மகளுக்கும் அந்தக் கை இருந்தது. யார் வந்தாலும் விரல்களின் பின்பக்கத்தால் முன்கை, தோள், முதுகு என்று மூன்று இடத்தில் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட மாட்டார். உள்ளங்கை நம்முடைய சூட்டையே நமக்குச் சொல்லும், பின்பக்கம்தான் அடுத்தவர் சூட்டைச் சொல்லும் என்பார். ஒரு தடவை அவர் அத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: “அத்தா தொட்டது உசுரு போன தோலு. வலிக்குதுன்னு அது சொல்லாது. நம்ம தொடுறது சொல்லும். சொல்ல விடணும். அம்புட்டுதான் இந்தத் தொழிலு.”

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மேடம் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

அவருடைய முறையைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் வந்ததும் படுக்க வைக்க மாட்டார். உட்கார வைத்துப் பேசுவார். கையில் அஞ்சலட்டை அளவில் ஒரு கார்டு இருக்கும். சர்க்கரை இருக்கா, தோலில் அரிப்பு, படை ஏதாவது உண்டா, வேக்ஸிங் பண்ணி எத்தனை நாள் ஆச்சு, வெயிலில் அலைந்து வந்தீர்களா, முகத்துக்கோ உடம்புக்கோ டாக்டர் க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, வீட்டில் விசேஷம் என்றைக்கு. எல்லாவற்றையும் கார்டில் எழுதுவார். சர்க்கரை உள்ளவர் என்றால் காலைத் தொடவே மாட்டார். வேக்ஸிங் பண்ணி மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்தால், தேய்க்கப்போகிற கலவை ஒத்துக்கொள்கிறதா என்று முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு அளவு தடவி, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவார். “இதுக்கு ஒருக்கா, அதுக்கு ஒருக்கா அலையணுமாக்கும்” என்று பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவார்கள். மேடம் காதில் வாங்க மாட்டார்.

மறுநாள் வந்தால், அறைக்குள் வேலை பார்ப்பவரும் படுத்திருப்பவரும் மட்டும்தான். அம்மாவோ அக்காவோ யாரானாலும் வெளியே பெஞ்சில். தேய்க்கிற இடம் தவிர மற்ற இடமெல்லாம் துண்டால் மூடியிருக்க வேண்டும். குதிகால், முழங்கால், முழங்கைக்கு மட்டும் பொடித்த உப்பை எண்ணெயில் குழைத்துப் போடுவோம். முதுகுக்கும் கைகால்களுக்கும் சர்க்கரை. கழுத்து, மார்பு மாதிரி மெல்லிய இடங்களுக்கு நைசாக அரைத்த பயத்தமாவும் தயிரும்தான். அங்கே உப்பு போகவே கூடாது. விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், எடை கொடுக்கக் கூடாது. முட்டை அவிக்க வைக்கிற மாதிரி ஒரு டைமரைத் திருகி வைப்போம். முதுகுக்குப் பத்து நிமிஷம். கழுத்துக்கு ஐந்து. ‘டிங்’ என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

கழுவுவதுதான் எங்கள் ஊரில் பெரிய பாடு. கடையில் வருவது போர்த் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதில் கழுவிவிட்டால் பண்ணின வேலை அத்தனையும் வீண், தோல் அரை மணி நேரத்தில் விறைத்து இழுக்கும். அதனால் குழாயில் ஆத்தூர் டேம் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, கடைசியாக ஊற்றுகிற நாலு சொம்புக்கு மட்டும் அதை எடுப்போம். ஈரம் காயும் முன்னே எண்ணெயோ க்ரீமோ தடவிவிடுவோம். அன்றைக்கு வெயில் கூடாது, சென்ட் கூடாது, இறுக்கமான உடுப்பு கூடாது. அடுத்த தடவை பதினைந்து நாள் கழித்துத்தான்.

இதையெல்லாம் ராணி கேட்ட பேப்பரில் எழுதிவிடலாம். எழுதியும் வைத்தேன். ஆனால் இத்தனையும் தெரிந்தவள்தான் நான், தெரிந்துகொண்டேதான் தப்புப் பண்ணினேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புது ஜெல் வந்தது. தடவித் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் திரண்டு உதிரும். கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி என் கையிலேயே தேய்த்துக் காட்டி, “பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு!” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அன்று காலையில்தான் குளித்துவிட்டு வந்திருந்தேன். மேடம் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தார். ஜெல்லைத் தட்டில் தடவித் தேய்த்தார். அதிலும் சாம்பல் நூல் திரண்டது. “தட்டு நேத்துதான் வெளக்குனது. இம்புட்டு அழுக்கா?” என்றார். அந்த மனிதர் சிரித்து மழுப்பினார். திரள்வது ஜெல்தான், அதோடு கொஞ்சம் செத்த தோலும் வரும், அவ்வளவுதான்.

பொருள் மோசமில்லை என்று மேடம் ஜெல்லை வாங்கி வைத்தார். வாடிக்கையாளர்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. உதிர்வதைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. தட்டு விஷயத்தை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. நான் முதல் வாரம் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன். “அக்கா கை பட்டா அழுக்கு எல்லாம் வந்துருதுக்கா” என்று ஒருத்தி சொல்லிவிட்டால், இல்லை அது ஜெல் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோமதி வந்தாள். ஊர் எரியோடு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமை மேடமே பேசிக் கார்டு எழுதி, மடிப்பில் தடவி அனுப்பினார். வியாழக்கிழமை மேடம் சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார், கடையில் நான்தான் பெரியவள். கோமதியோடு வந்தது அவளுடைய அம்மா இல்லை. மாப்பிள்ளையின் அம்மா. குஜிலியம்பாறைக்காரர், வாட்டசாட்டமான பெண்மணி. எல்லாமே தன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும் என்கிற ரகம்.

“கழுத்துதான்மா,” என்றார் என்னிடம். “புள்ள லட்சணமாத்தான் இருக்கு. கழுத்துல மட்டும் என்னமோ அழுக்கு அப்புன மாதிரி கருப்பா. தாலி ஏறுற எடமில்லையா. எங்க சனம் பாத்தா நாக்குல நரம்பில்லாமப் பேசும்.”

கோமதியின் கழுத்தின் பின்பக்கமும் பக்கவாட்டும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. மேடம் முந்தின நாள் கார்டிலேயே எழுதியிருந்தார்: ‘கழுத்து. அழுக்கு இல்லை. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மாவு மட்டும்.’ அதைப் படித்தேன். படித்துவிட்டு அந்தம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல், “செத்த நேரம் வெளிய உக்காருங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். “நான் எதுக்கு வெளிய உக்காரணும், எங்க வீட்டுப் புள்ள” என்று அவர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

மாவு போட்டேன். ஐந்து நிமிஷம். ‘டிங்.’ நிறம் அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும். “ஒண்ணும் தெரியலையேம்மா” என்றார் அவர். ஜெல்லை எடுத்தேன். சாம்பல் நூல் திரண்டது. அந்தம்மா ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். “அடி ஆத்தி, எம்புட்டு வருது பாரு! நான் சொல்லல? தேயிம்மா, நல்லாத் தேயி.” டைமர் அடித்தது. திரும்பத் திருகினேன். இன்னும் திரண்டது. “கெட்டிக்காரிம்மா நீயி” என்றார். டைமர் இன்னும் மூன்று தடவை அடித்தது, ஒவ்வொரு தடவையும் திரும்பத் திருகினேன். தட்டு எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. மேடம் தட்டைத் தேய்த்த கை வரைக்கும் கண் முன்னால் வந்தது. அந்தப் பாராட்டு இனித்தது, அதுதான் உண்மை. கடைசியாக, மேடம் கண்ணில் படாது என்ற தைரியத்தில், குதிகாலுக்கு வைத்திருந்த உப்பையும் ஒரு சுற்று போட்டேன்.

கோமதி குப்புறப் படுத்திருந்தாள். “எரியுதாம்மா?” என்று ஒரு தடவை கேட்டேன். அவள் பதில் சொல்லுமுன் அந்தம்மா, “அதெல்லாம் தாங்கும், கல்யாணப் புள்ள” என்றார்.

அவர்கள் போன பிறகு கார்டை எடுத்தேன். கழுத்து என்ற இடத்துக்கு நேராக ‘மாவு, 5 நிமிஷம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கார்டை எடுத்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் மூன்று பேரும் மாடியேறி வந்தார்கள். கோமதி, மாப்பிள்ளையின் அம்மா, கோமதியின் அம்மா ராஜாத்தி. காலையில் வீட்டில் நலங்கு வைத்திருக்கிறார்கள். சந்தனமும் மஞ்சளும் குழைத்து, நிறம் கூடட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து, ராஜாத்தியம்மா தன் கையாலேயே மகள் கழுத்தில் பூசியிருக்கிறார். பூசின இடமெல்லாம் சிவந்து, நீர் கோத்து, சில இடத்தில் தோல் உரிந்து நின்றது. நான் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

மேடம் கடையில் இருந்தார். முதலில் கோமதியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கழுத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “எத்தனை நிமிஷம் பண்ணுன புள்ள?”

“அஞ்சு நிமிஷம் மேடம். மாவுதான்.”

அவர் கார்டை எடுத்துப் பார்த்தார். ஐந்து என்று இருந்தது. அவர் கார்டை நம்பினார், என்னையும் நம்பினார். ராஜாத்தியம்மாவிடம் திரும்பி, கார்டை அவர் முகத்துக்கு நேரே காட்டி, “இந்தா பாருங்கம்மா, அஞ்சு நிமிஷம்தான், வெறும் மாவு. மஞ்சள்ல பழம் புழிஞ்சீகளா?” என்றார்.

“புழிஞ்சேன்” என்றார் ராஜாத்தியம்மா.

“அதான்” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லில் ராஜாத்தியம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். சேலை முந்தானையில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். நான், முந்தின நாள் படுத்திருந்த கோமதி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மேடம் ஒரு தோல் டாக்டரிடம் அவர்களை அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன், சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், தலைவலி என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, மேடம் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்தது கண்ணை விட்டுப் போகவே இல்லை. சனிக்கிழமை காலையில் கடைக்குப் போகாமல் கரூர் பஸ்ஸில் ஏறி எரியோட்டில் இறங்கினேன்.

வீடு கண்டுபிடிக்க சிரமமில்லை, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே கோமதியை உட்கார வைத்து அவளுடைய அத்தைமார்கள் கைக்கும் காலுக்கும் மட்டும் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் மருந்து தடவி மெல்லிய துணி சுற்றியிருந்தது. அம்மாவைக் காணோம். கேட்டேன். “கொல்லப்பக்கம் இருக்கா. அவ கை வச்ச லட்சணம்தான் பாத்தோமே, அதான் தள்ளி இருன்னு சொல்லிட்டோம்” என்றார் ஒருத்தர். கோமதியின் அப்பாவுக்குத் தங்கை என்று பிறகு தெரிந்தது.

ராஜாத்தியம்மா கொல்லைப்புறத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் செய்கிற வேலையா அது! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் அப்படியே எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

“அம்மா, அது உங்க மஞ்சள் இல்ல. நான்தான். அரை மணி நேரத்துக்கு மேல தேய்ச்சேன். உப்பும் போட்டேன். கார்டுல பொய் எழுதுனேன். தோலு அப்பவே போயிருச்சு, நீங்க எதைப் பூசியிருந்தாலும் எரிஞ்சிருக்கும்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் கையில் இருக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “அப்ப, எங் கையால ஆகலையா?”

“இல்லம்மா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

அவர் எழுந்தார். தொட்டியில் கையைக் கழுவினார், இரண்டு தடவை, மூன்று தடவை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். கூடத்தில் எல்லோர் முன்னாலும், “இந்தப் பொம்பளை என்ன சொல்லுதுன்னு கேளுங்க” என்றார். நான் மறுபடி சொன்னேன். கோமதியின் அத்தை என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். நியாயம்தான், நின்று வாங்கிக்கொண்டேன். அந்தக் கூச்சலுக்கு நடுவே ராஜாத்தியம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்து மகள் முன்னால் உட்கார்ந்து, அவள் பாதத்தில் பூச ஆரம்பித்திருந்தார்.

கோமதி என்னைப் பார்த்தாள். “ஆறு தடவை அடிச்சுச்சுக்கா,” என்றாள். “அந்த மணி. எண்ணிக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது தடவையே எரிஞ்சுச்சு. சொல்லியிருக்கலாம்.” ஸ்டூலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவள் போக வேண்டிய வீடு அது.

கிளம்பும்போது ராஜாத்தியம்மா ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். “குடிச்சிட்டுப் போ. ஆனா உன்னய நான் இன்னும் மன்னிக்கல” என்றார். காப்பியைக் குடித்தேன்.

அங்கிருந்து நேரே கடைக்கு வந்து மேடத்திடம் சொன்னேன். டைமரைக் கையில் எடுத்து மேஜை மேல் வைத்தார், மறுபடி எடுத்தார். “கழுத்து ஆறிரும் புள்ள,” என்றார் கடைசியில். “அந்தம்மா மூஞ்சிக்கு நேரா உன் கார்டை நீட்டிட்டேனே. அல்லாவே, நான் நீட்டிட்டேனே.” அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் கல்யாண மண்டபத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்யாண மாலை நேராகக் கோமதியின் கழுத்தில் உரசாமல் இருக்க, கஞ்சி போடாத மெல்லிய மல் துணியை நாலாக மடித்து மாலைக்கு அடியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பெண் அலங்கரிக்கிற அறையில், இரண்டு பக்கத்துச் சனமும் இருக்கும்போது, ராஜாத்தியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தப்பு எங்க கடைத் தப்பு. உங்க மேல பழி போட்டது என் தப்பு” என்றார். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜாத்தியம்மா மேடத்தின் கையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ஒரு மாதம் யார் தோலையும் தொடக் கூடாது, துண்டு துவைக்க வேண்டும் என்றார். துவைத்தேன். முதல் நாளே அந்தக் கார்டை என் முன்னால் வைத்து ஐந்தை அடிக்கச் சொல்லி, உண்மையை எழுத வைத்தார். ‘மாவு, ஜெல், உப்பு. 35 நிமிஷம். லூர்து மேரி.’ அதற்குப் பிறகு கார்டில் ‘நலங்கு என்றைக்கு’ என்று ஒரு வரி கூடியது. நலங்குக்கு முன்னால் நாலு நாள் யாருக்கும் ஸ்க்ரப் கிடையாது. கோமதியின் கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, உடம்பு காட்டுகிற அறிகுறி என்றும், ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னாராம். மேடம் புதன்கிழமையே எழுதி வைத்ததுதான்.

இதையெல்லாம் இப்போது கடையை நடத்துகிற மருமகளிடமும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். “யோசிக்கிறேன்க்கா” என்றார். கல்யாணப் பெண்ணுக்கு எல்லாம் ஒரே நாளில் என்ற அந்தப் போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசி நாள் கேக் வெட்டி முடிந்ததும், ராணி என்னைப் பிடித்து அறைக்குள் தள்ளினாள். “இம்புட்டு வருஷத்துல ஒருக்காவாச்சும் படுத்திருக்கீகளா? இன்னைக்கு உங்களுக்கு நான் பண்றேன்.” உண்மையிலேயே நான் அந்தக் கட்டிலில் படுத்ததே இல்லை. பயத்தமாவும் தயிரும் குழைத்து, டைமரைத் திருகி வைத்து, அவள் என் தோளைத் தேய்க்க ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே தேய்த்தாள். எத்தனை பாசமாகத் தேய்த்தாள்!

இடது தோளில் எரிந்தது. வெயிலில் காய்ந்து போயிருந்த இடமோ என்னவோ. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ‘எரிஞ்சா உடனே சொல்லுங்க’ என்று எத்தனையோ பேரிடம் சொன்ன வாய் இது. திறக்கவில்லை. ஆசையாகச் செய்கிறாள், இப்போது போய்ச் சொன்னால் முகம் வாடிவிடுமே என்று இருந்தது. பாசமாகத் தேய்க்கிற ராணியிடமே எனக்குச் சொல்ல வரவில்லை. மாமியாராகப் போகிறவர் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோமதி எப்படிச் சொல்லியிருப்பாள்? பதினாறு வருஷமாக எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ‘டிங்’, ‘டிங்’ என்று அவள் எண்ணியது நானும் குப்புறப் படுத்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

டைமர் அடிக்கவில்லை. அதற்கு முன்னாலேயே ராணியின் கை நின்றது. விரல்களின் பின்பக்கத்தை என் தோளில் வைத்துப் பார்த்தாள். நசீமா மேடம் வைக்கிற மாதிரியே.

“சூடா இருக்கே. எரியுதுல்ல? ஏங்க்கா சொல்லல?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் டிரம்மிலிருந்து ஆத்தூர்த் தண்ணீரை எடுத்து வந்து ஊற்றினாள்.

உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது அவள் கார்டை எழுதி முடித்திருந்தாள். என் பெயருக்கு ஒரு கார்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. வாங்கிப் படித்தேன். நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, இதை லேமினேஷன் போட்டு மாட்டு என்று அந்தக் கார்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

‘லூர்து அக்கா. இடது தோள். மாவு. மூணு நிமிஷம். எரிஞ்சிருக்கு, சொல்லல. நிறுத்திட்டேன்.’